சேப்டி பின் அக்காவின் கைப்பை

ஜெர்மனியில் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனங்கள் எனக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். சேப்டி பின் அக்கா. கலியாண வீடோ சாமத்திய வீடோ, யாருடைய சேலை மடிப்பு அவிழ்ந்தாலும், யாருடைய பிளவுஸ் கொக்கி தெறித்தாலும், எல்லோரும் தேடுவது என் கைப்பையைத்தான். கேட்டுவிட்டுத் திறக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒருத்தியின் கைப்பை பாதிப் பொதுச்சொத்து. பின் எடுக்க, டிஷ்யூ எடுக்க, பிள்ளைகள் இனிப்புத் தேட, யாரும் உள்ளே கையை விடலாம். இருபது வருடமாக எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதே பைக்குள் ஒன்பது மாதம் ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அது உண்மையான துப்பாக்கி இல்லை என்பார்கள். குண்டு வராது. மிளகு வாயு பீச்சும், காது அடைக்கச் சத்தம் போடும். பார்வைக்கு அசல் போலவே இருக்கும். முகத்துக்குக் கிட்டப் பிடித்துச் சுட்டால் கண் போகும், உயிரே போகவும் கூடும் என்று விற்றவரே சொன்னார். வீட்டுக்கு வெளியே கொண்டு திரிய 'சின்ன வாஃபன்ஷைன்' என்று ஒரு அனுமதி அட்டை வேண்டும். அதற்குப் பொலிஸில் அன்ட்ராக், விண்ணப்பம், கொடுக்க வேண்டும்.

எனக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்கிறேன். ஒரு கிழவியின் இரண்டு கைகளிலும் அடிபட்ட நீலக் கண்டல்களைக் கண்டேன். பராமரிப்புக் கொப்பியில் அதை எழுதி, மேலிடத்துக்கும் சொன்னேன். கிழவியை ஒரு இல்லத்துக்கு மாற்றினார்கள். கூட இருந்த மகனுக்கு ஐம்பது வயதிருக்கும், மொட்டைத் தலை, எப்போதும் பியர் மணம். அவன் அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. ஒரு வாரம் கழித்து வேறொரு வீட்டுப் படிக்கட்டில் என்னை மறித்துச் சுவரோடு சாய்த்து, என் காரின் இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அவ்வளவுதான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் பொலிஸுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

பொலிஸ்காரி மரியாதையாகத்தான் கேட்டாள். எழுதிக்கொண்டாள். அவனைக் கூப்பிட்டு எச்சரித்ததாகப் பிறகு கடிதமும் வந்தது. "ஏதாவது நடந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்" என்றாள். நடந்த பிறகு நான் எந்த வாயால் கூப்பிடுவது என்று கேட்க நினைத்தேன்.  அதற்குப் பிறகு அவனை மூன்று தரம் என் காருக்குப் பக்கத்தில் கண்டேன். ஒவ்வொரு தரமும் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு நின்றான், ஏதோ அவனுடைய கார் போல.

நான் பயந்தேன். அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.  கார்த் திறப்பை எடுக்க முன் யன்னலால் தெருவை இரண்டு தரம் எட்டிப் பார்ப்பேன்.

துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்.

"உமக்கு விசரோ? துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப நீரே கடைக்குப் போய் அதை வாங்கப் போறீரோ?"

"அப்ப நாளைக்கு வேலைக்கு நீங்கள் என்னோட வாறீங்களோ?"

அவருக்குத் தொழிற்சாலையில் காலை வேலை. 

பொலிஸ் அலுவலகத்தில் டெர்மின், சந்திக்க நேரம், கிடைத்த நாளில் அந்த அதிகாரி கேட்டார், முன்பு எப்போதாவது ஆயுதத்தோடு பழக்கம் உண்டா என்று. இல்லை என்றேன். உண்மை. ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் நின்று பேசிய பழக்கம் உண்டு. பதின்மூன்று வயதில், ஊரில் போர் நடந்த காலம், பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். சீருடைக்காரன் கேட்பதற்கு முன்பே நாங்கள் பதில் சொல்லத் தொடங்குவோம், சின்னக் குரலில், அவனுடைய முகத்தைப் பார்க்காமல், புத்தகப் பையை நாங்களே திறந்து காட்டிக்கொண்டு. அந்தக் குரல் தொண்டைக்குள் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அட்டை வந்தது. தூண்டிலும் வேட்டைச் சாமானும் விற்கிற கடையொன்றில் துப்பாக்கியை வாங்கினேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சுடுவதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்பார். மிச்சம் அரைமணி நேரம் ஒழுக்கம் பற்றியே பேசினார். அட்டையும் அடையாள அட்டையும் எப்போதும் கூட இருக்க வேண்டும். வைத்திருப்பதை ஒருவருக்கும் சொல்லாதே, காட்டாதே. இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காதே, தொடுகிற கையே உன்னைக் காட்டிக்கொடுக்கும். குடிக்காதே. காருக்குள் விட்டுவிட்டுப் போகாதே. திருவிழா, சந்தை, ஆட்கள் கூடுகிற பொது நிகழ்ச்சி எதற்கும் கொண்டுபோகச் சட்டம் விடாது. காலையில் வீட்டை விட்டு இறங்கும்போதே அன்றைக்கு எங்கெங்கே போகிறாய், எங்கே கழற்றி வைக்கலாம், எங்கே முடியாது என்று யோசித்துக்கொள். கடைசியாக ஒன்று சொன்னார்.

"இனி நீங்கள் யாரோடும் சண்டை பிடிக்க முடியாது. ஆயுதம் வைத்திருப்பவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒதுங்கிப் போக வேண்டும்."

என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும். எனக்கு நாக்கு நீளம். சுப்பர்மார்க்கெட் வரிசையில் இடையில் புகுந்தவனை நான் சும்மா விட்டதாகச் சரித்திரம் இல்லை. துப்பாக்கி வந்த இரண்டாம் வாரம், நான் காரை நிறுத்தக் காத்து நின்ற இடத்தில் ஒருத்தி சட்டென்று தன் காரை நுழைத்தாள். கண்ணாடியை இறக்கினேன். பை மடியில் இருந்தது. "பரவாயில்லை, நீங்கள் விடுங்கோ" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சலோ?"

சிரித்துவிட்டுப் பிறகுதான் யோசித்தேன். அவள் இறங்கி வந்து என்னைத் தள்ளியிருந்தால் என் கை எங்கே போயிருக்கும்?

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு அது வார்த்தைக்கு வார்த்தை நடந்தது. யாருடைய வீட்டுக்குப் போனாலும் பையை மடியிலேயே வைத்திருப்பேன். கதிரை முதுகில் மாட்ட ஏலாது, நிலத்தில் வைக்க ஏலாது. "ஏனக்கா, பாக்கைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள், வந்தவுடனே போகப் போறீங்களோ?" என்று கேட்பார்கள். கட்டிப்பிடித்துக் கொஞ்ச வருகிறவர்களுக்கு மற்றத் தோளைக் கொடுப்பேன். வேலைக்குப் போகிற வீடுகளில் ஒரு மூதாட்டிக்கு மறதி நோய். யார் வந்தாலும் பையைக் கிளறி 'என் சாவி எங்கே' என்று தேடுவார். அங்கே போகிற நாட்களில் துப்பாக்கியைத் துணிப்பட்டி ஒன்றில் போட்டு இடுப்பில் கட்டி, மேலே வேலைச் சட்டையை இழுத்துவிடுவேன். கட்டிலிலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கும்போது, "என்ன இது கல் மாதிரி?" என்று கேட்டார். "கைபேசி" என்றேன். எங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். அதுவும் ஒரு பயம். ஒரு பயத்துக்கு மருந்தாக ஒன்பது பயங்களை வாங்கியிருந்தேன்.

கோயில் தேருக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போனேன். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் மொட்டைத் தலை எத்தனை இருக்கும்! வேட்டி கட்டி வெறும் மேலோடு நின்ற எங்கள் ஆட்களின் தலைகளைக்கூட உற்று உற்றுப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்மனை ஒருதரமும் ஒழுங்காகக் கும்பிடவில்லை.

பின்களைப் பற்றி யோசிக்காமல் இல்லை. முதல் நாளே அவற்றை ஒரு இனிப்புத் தகரத்தில் போட்டுப் பையின் முன் பொக்கற்றில் வைத்தேன். துப்பாக்கி நடு அறையில், அதன் உறைக்குள், ஸிப்பை இழுத்து மூடியபடி. கண்ட எல்லோரிடமும் "பின் முன் பொக்கற்றில கிடக்கு" என்று சொல்லி வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தெரிந்த குடும்பத்தில் மூத்த மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. நகரத்துக்கு வெளியே ஒரு மண்டபம். எனக்கு அன்று மத்தியானம் வரை வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மண்டபத்துக்குப் போய்ச் சேலை கட்டுவதாகத் திட்டம். கடைசி வீட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் நின்றான். என் காரில் சாய்ந்துகொண்டு.

தெருவில் வேறு ஒருவரும் இல்லை. நான் பத்து அடி தள்ளி நின்றேன். கை பைக்குள் போனது. கடைக்காரர் சொல்லித்தந்தபடி, சேம்பரை, சுடுகிற அறையை, எப்போதும் வெறுமையாகத்தான் வைத்திருப்பேன். ரவை, வாயுத் தோட்டா, மகசினில் மட்டும் இருக்கும். அன்று பைக்குள் வைத்தே உறையிலிருந்து இழுத்து, மேல்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டேன்; ரவை சேம்பருக்குள் ஏறியது. அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டதோ தெரியாது. என் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான், துப்பிவிட்டு நடந்து போனான். நான் காருக்குள் ஏறிக் கதவுகளைப் பூட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய்விட்டேன். அவன் பின்னால் வந்து என் வீட்டைக் கண்டுபிடிப்பான் என்று நினைத்தேன். ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும் போல இருந்தது. மண்டபத்துக்கே போனேன். வீட்டுக்காரர் என் சேலையை முன்பே அங்கே கொண்டுவந்திருந்தார்.

உடுப்பு மாற்றுகிற அறையில் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கழிவறைக்கு வரிசை. துப்பாக்கியை எடுத்து ரவையை இறக்க ஒரு மறைவு இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால் அவர் சமையல் பக்கம் அண்டா தூக்கப் போய்விட்டார். சரி, பையைக் கையை விட்டு இறக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆயுதத்தைக் கழற்றி வைக்க ஒரு இடம் யோசிக்காமல் வெளியே இறங்காதே என்று அந்தக் கடைக்காரர் சொன்னது அப்போது காதில் கேட்டது. கேட்டு என்ன செய்ய?

ஒரு மணி நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு மேடையிலிருந்து பிள்ளையின் தாய் கூப்பிட்டாள்.

"அக்கா, பழத்திரிக்கு நீங்கள் வாங்கோ!"

ஆலாத்தி எடுக்கப் பெண்களைச் சோடி சோடியாகக் கூப்பிடுவார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி வைத்துக் கொளுத்திய தட்டை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, பிள்ளைக்கு முன்னால் மூன்று தரம் சுற்ற வேண்டும். கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. அது மரியாதை. மேடையில் ஏறினேன், தோளில் பையோடு.

"அக்கா, பாக்கை இறக்கிவைச்சிட்டு வாங்கோ, படத்தில வடிவாயிராது" என்றார் படம் எடுக்கிறவர்.

"இல்லை, இருக்கட்டும்" என்றேன்.

என் மச்சாள், வீட்டுக்காரரின் தங்கச்சி, முன் வரிசையில் இருந்தவள், எழும்பி வந்து என் தோளிலிருந்து பையை இழுத்தெடுத்தாள். "தாங்கோ மச்சாள், நான் என்ன களவெடுக்கப் போறனே?" எல்லோரும் சிரித்தார்கள். பையைப் பிடித்து இழுபறிப்பட முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டேன்.

தட்டைத் தூக்கினோம். ஒரு சுற்று. என் கண் மச்சாளிலேயே இருந்தது. பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். இரண்டாம் சுற்றில் ஒரு இளம் பெண் மடிப்பு அவிழ்ந்த சேலையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு மச்சாளிடம் ஓடி வந்தாள். மச்சாள் திரும்பித் தன் மகளிடம் ஏதோ சொன்னாள். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்த சின்னவள். மச்சாளின் வாய் அசைவதும் சின்னவள் பையை மடியில் தூக்கி வைப்பதும் தெரிந்தது. முன் பொக்கற்றைத் திறக்கவில்லை. குழந்தைக்கு யார் முன் பொக்கற் என்று சொன்னது? நடு ஸிப்பை இழுத்தாள்.

சேம்பரில் ரவை இருந்தது. இருந்ததா? இறக்கினேனா? உறைக்குள் திருப்பி வைத்தேனா? எதுவும் நினைவில்லை.

சின்னவள் குனிந்து பைக்குள் முகத்தை விட்டாள்.

நான் தட்டை விட்டுவிட்டு ஓடினேன்.

பின்னால் தட்டு விழுந்த சத்தமும் பெண்கள் "ஐயோ" என்றதும் கேட்டது. மேடைப் படியில் சேலை தடக்கி முழங்கால் அடிபட்டது. எழும்பி ஓடி, குழந்தையின் கையை மணிக்கட்டோடு பிடித்தேன். அவளுடைய விரல்கள் துப்பாக்கிப் பிடியைச் சுற்றியிருந்தன. குழல் வாய் அவளுடைய கழுத்துப் பக்கம் பார்த்தபடி இருந்தது. விரல்களை ஒன்று ஒன்றாகக் கழற்றினேன். அவள் கையை நசித்துவிட்டேன் போல, அழத் தொடங்கினாள். ஒருவரும் அதைக் காணவில்லை. எல்லோரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிகிற திரி ஒன்று உருண்டு பிள்ளையின் பட்டுச்சேலைக் கரை வரைக்கும் போயிருந்தது. தாய் அதை வெறும் காலால் மிதித்து அணைத்தாள்.

சின்னவளின் காதுக்குள் சொன்னேன்: "மாமியின்ர பாக்குக்குள்ள கண்டதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. விளங்குதோ? ஒருத்தருக்கும்."

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அழுகையை உடனே நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள்.

கழிவறைக்குள் பூட்டிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். உறை பையின் அடியில் தனியாகக் கிடந்தது. ரவை சேம்பரில் இருந்தது. பாதுகாப்புப் பூட்டு திறந்திருந்தது. அங்கேயே ரவையை இறக்கினேன்.

வெளியே வந்து தலைசுற்று என்று சொன்னேன். யார் நம்பினார்கள்? பிள்ளையின் ஆலாத்தித் தட்டை நெருப்போடு கீழே போட்டவள் என்று ஊர் முழுக்கக் கதை போனது. பொறாமை என்றார்கள். கண்ணூறு என்றார்கள். அடுத்த நாள் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ர பிள்ளைக்கு ஒன்று நடந்தால் நீங்கள்தான் அக்கா காரணம்" என்றாள். வைத்துவிட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது? உன் மகளின் சடங்குக்குச் சுடத் தயாரான துவக்கோடு வந்தேன் என்றா? இன்று வரைக்கும் அவள் என்னோடு பேசுவதில்லை.

அந்தக் கிழமையே அதைப் பொலிஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையையும் கொடுத்தேன். அன்ட்ராக் வாங்கிய அதே அதிகாரிதான் இருந்தார்.

"ஏன்?" என்று கேட்டார்.

"பயமாக இருக்கிறது."

"பயமாக இருந்ததால்தானே வாங்கினீர்கள்?"

"ஓம்" என்றேன் தமிழில். அவருக்கு விளங்கியிருக்கும்.

என் காரில் சாய்ந்து நின்றவனைப் பிறகு இரண்டு தரம் தூரத்தில் கண்டேன். இப்போது அந்தப் பக்கத்து வீடுகளுக்கு என்னோடு வேலை செய்கிற ஒருத்தியோடு சேர்ந்து போகிறேன். பயம் போகவில்லை. ஆனால் அது என்னுடைய பயம் மட்டும்தான், பைக்குள் இருந்து வேறொருவர் தூக்கிப் பார்க்க முடியாதது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மச்சாள் வீட்டில் ஒரு பிறந்தநாள். நான் சோபாவில் இருந்தேன். பை பக்கத்தில், பழையபடி, வாய் திறந்து. சின்னவள் வந்தாள். புதுப் பல் முளைத்திருந்தது. என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"மாமி, அம்மாவுக்குப் பின் வேணுமாம்."

"எடு குஞ்சு, அதுக்குள்ளதான் கிடக்கு."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்கள் எடுத்துத் தாங்கோ."

பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். பின் தகரம், டிஷ்யூ, இருமல் மிட்டாய், கார்த் திறப்பு. "பார், ஒன்றுமில்லை. வா, வந்து நீயே எடு."

அவள் வரவில்லை. மேசையையும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நான் ஒன்றுமே கேட்காமல், சின்னக் குரலில் சொன்னாள்:

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை மாமி."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில், இரண்டு சாவடிகளிலும், தினமும் நான் பேசிய குரல்.